ஈரிதழ் வால்வும் நான் விழுங்கிய பாதி வாக்கியமும்

இதய வால்வு நோயாளி ஒருவருக்கு மொழிபெயர்க்கப் போன இடத்தில், வைத்தியர் முதலில் நாடி பிடித்துப் பார்த்தது என்னுடைய கையைத்தான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த எங்கள் லாச்சப்பலில் செய்தி மெத்ரோ ரயிலை விட வேகமாக ஓடும். வேறு யாராவது கைகால் வைத்துச் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுவது நல்லது.

ரூ து ஃபொபூர் சேன்-தெனி என்ற தெருவின் வடக்கு முனையில் ஒரு பலசரக்குக் கடையில் நிற்பவன் நான். முருங்கைக்காய் நிறுப்பது உத்தியோகம், கடிதம் வாசிப்பது உபதொழில். விசா கொடுக்கிற பிரிபெக்சரில் இருந்தோ வரி அலுவலகத்தில் இருந்தோ ஒரு கடிதம் வந்தால் ஆட்கள் அதை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு வருவார்கள். பச்சைமிளகாயைத் தராசில் போட்டபடியே, "தம்பி, உதை ஒருக்காப் பார்" என்று நீட்டுவார்கள். என்னுடைய பிரெஞ்சு, உணவகச் சமையலறையில் பத்து வருடம் கோப்பை கழுவிய காலத்தில் பொறுக்கியது. ஆரம்பத்தில் திட்டுவதற்கு மட்டும் உதவியது, போகப்போகக் கடிதத்துக்கும் போதுமானதாகிவிட்டது.

எனக்கென்று ஒரு வாசிப்பு முறை இருந்தது. கெட்ட செய்தியை நான் அப்படியே வாசிக்கமாட்டேன். "நிராகரிக்கப்பட்டது" என்று எழுதியிருந்தால், "இன்னும் ரெண்டு பேப்பர் கேக்கினம் போல கிடக்கு" என்பேன். முழுப் பொய்யும் இல்லை, மேன்முறையீடு செய்யப் பேப்பர் வேண்டும்தானே. வந்தவர் முகம் தெளிந்து, கூடவே அரைக் கிலோ கத்தரிக்காயும் வாங்கிக்கொண்டு போவார். இதை நான் ஒரு திறமை என்றே நினைத்திருந்தேன்.

அண்ணை என்று நான் கூப்பிடுகிறவர் கூடப்பிறந்தவர் அல்ல. அதே சமையலறையில் நான் கோப்பை கழுவியபோது அவர் வெங்காயம் உரித்தார். நான் கடைக்கு மாறிவிட்டேன். அவர் அங்கேயே நின்று, சோஸ் வைக்கிற சமையற்காரராக உயர்ந்துவிட்டார். என்னைவிட ஆறு வயது மூப்பு. புறநகர் சார்செலில் மனைவியோடும் ஒரே மகளோடும் இருக்கிறார். வாய் திறந்தால் அது உப்புப் பார்ப்பதற்காகத்தான் இருக்கும், அவ்வளவு பேச்சுக் குறைவு.

சென்ற மாசி மாதம் ஒரு நாள் கடைக்கு வந்து, வாழைப்பூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"கார்டியோலோக்கிட்ட ஒரு ரொந்தேவு இருக்கு. நீ வாவன்." இதய வைத்தியரிடம் நேரம் எடுத்திருக்கிறாராம்.

"அங்கை என்ன அலுவல்?"

"களைக்குது. படுத்தாக் கூடக் களைக்குது. ரெண்டு தலகாணி வைச்சுத்தான் படுக்கிறன்."

"பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகலாமே அண்ணை. அவள் பிரெஞ்சிலயே பிறந்தவள். நான் போனா டொக்டருக்கு என்ர பிரெஞ்சுக்கும் சேர்த்தெல்லோ வைத்தியம் பாக்கவேணும்?"

அவர் சிரிக்கவில்லை. "அவளுக்கு அரங்கேற்றம் வருது. இப்ப உதுகளை அவள் கேக்கவேண்டாம்."

இங்கே எங்கள் வீடுகளில் பிள்ளைதான் மொழிபெயர்ப்பாளர். எட்டு வயதில் மின்சாரக் கடிதம், பத்து வயதில் வங்கி, பன்னிரண்டு வயதில் தாயின் பக்கத்தில் இருந்து அவளுடைய கர்ப்பப்பையைப் பற்றி வைத்தியருக்குச் சொல்லவேண்டிய நிலை. அண்ணை தன் பிள்ளையை இந்த ஒன்றிலிருந்தாவது காப்பாற்ற நினைத்தார். அதற்கு அவர் தேர்ந்தெடுத்த கவசம் நான். பாவம்.

வைத்தியர் இளம் பெண். அண்ணையை இடப்பக்கமாகச் சரித்துப் படுக்க வைத்து, நெஞ்சில் பசை பூசி, ஒரு கருவியை விலா எலும்புகளுக்கு நடுவில் வைத்து அழுத்தினார். திரையில் சாம்பல் நிறத்தில் ஏதோ துடித்தது. அதன் நடுவில் இரண்டு மெல்லிய நாக்குகள் திறந்து மூடின. ஒன்று ஒழுங்காக மூடியது. மற்றது மூடவேண்டிய இடத்தைத் தாண்டி, பின்பக்கமாகப் புரண்டு, காற்றில் கிழிந்த கொடிபோலப் படபடத்தது.

"இதுதான் ஈரிதழ் வால்வு," என்று அவர் விளக்கத் தொடங்கினார். "இந்த இதழைப் பிடித்து வைத்திருக்கிற நாண் ஒன்று அறுந்திருக்கிறது."

அறுந்திருக்கிறது என்ற சொல்லை நான் தமிழுக்குக் கொண்டுவரும் வழியில்தான் அந்த விபத்து நடந்தது. என் நெஞ்சுக்குள்ளும் ஏதோ அறுந்தது போல இருந்தது. காது அடைத்தது. திரையில் துடித்தது யாருடைய இதயம் என்பதில் எனக்கே ஒரு குழப்பம். சுவரைப் பிடிப்பதாக நினைத்து வைத்தியரின் கதிரையைப் பிடித்தேன். அதற்குச் சில்லு இருந்தது. பிறகு நான் நிலத்தில்.

கண் திறந்தபோது வைத்தியர் என் மணிக்கட்டைப் பிடித்து எண்ணிக்கொண்டிருந்தார். நெஞ்சில் பசையோடு எழுந்து வந்த அண்ணை, தன்னுடைய பரிசோதனை அறிக்கையாலேயே எனக்கு விசுக்கிக்கொண்டிருந்தார்.

"என்னடாப்பா, நோயாளி நானெல்லோ?"

"தெரியும் அண்ணை. நான் அபிநயம் பிடிச்சுக் காட்டினனான்."

ஒரு கோப்பை தண்ணீர் குடித்து, கதிரையில் இருந்து, மீதியை மொழிபெயர்த்தேன். வைத்தியர் ஒரு தாளில் இதயத்தை வரைந்து காட்டினார். கடைசியாக, நிதானமாக, ஒரு வாக்கியம் சொன்னார். "உங்கள் இதயம் திரையில் பலமாகத் தெரிகிறது, ஆனால் அது ஏமாற்று."

நான் முதற் பாதியை எடுத்துக்கொண்டேன். "இதயம் நல்ல பலமா இருக்காம் அண்ணை."

அந்த முகம் மலர்ந்த மலர்ச்சியைப் பார்த்திருக்கவேண்டும். அதற்குப் பிறகு மற்றப் பாதியைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என்னுடைய காது இன்னும் கூவிக்கொண்டிருந்தது. சீக்கிரம் வெளியே போய்க் காற்றுப் படவேண்டும் என்பது ஒன்றே என் சிந்தனை.

"அப்ப அரங்கேற்றம் முடியட்டும், பேந்து ஒப்பரேசன் செய்யலாமோ எண்டு கேள்."

கேட்டேன். அரங்கேற்றத்துக்கு மூன்று மாதம் இருந்தது. வைத்தியர் தலையை ஆட்டி, காத்திருப்பது தனக்கு விருப்பமில்லை என்றும், வாரக்கணக்கில்தான் யோசிக்கவேண்டும் என்றும் சொன்னார். நான் அதை இப்படித் தமிழாக்கினேன்: "கெதியாச் செய்தா நல்லதாம். ஆனா உங்கட வசதியையும் பாத்துச் செய்யலாமாம்." வைத்தியர் சொல்லாத அந்த வசதி என் சொந்தத் தயாரிப்பு.

சத்திரசிகிச்சைப் பிரிவின் செயலாளர் தொடர்பு கொள்வதற்கு அண்ணை என் தொலைபேசி எண்ணைக் கொடுத்தார். பரிசோதனை அறிக்கையும் வைத்தியர் வரைந்த தாளும் என் பையில் வந்து சேர்ந்தன.

அடுத்த வாரம் நான் ஒரு பிரஷர் மெஷின் வாங்கினேன். காலையில் ஒருமுறை, தேநீருக்கு முன், தேநீருக்குப் பின், தேநீர் குடிக்காமல் விட்டால் எப்படி என்று ஒருமுறை. என் மனைவி மூன்று நாள் பொறுத்தாள்.

"இஞ்சாருங்கோ, உந்த மெஷினுக்கு ஒருக்கா ஓய்வு குடுங்கோ. அதுக்குப் பிரஷர் ஏறப்போகுது."

"உமக்குப் பகிடி. எனக்கு வால்வு என்ன நிலையில இருக்கோ தெரியாது."

"வாய் நல்ல நிலையில இருக்கு. மிச்சமும் இருக்கும்."

பயந்தவனுக்குப் படிப்பு நன்றாக ஏறும். மகன் லீசே என்கிற உயர்பள்ளியில் படித்துவிட்டுப் போட்ட உயிரியல் புத்தகத்தையும் வைத்தியரின் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு இருந்தேன். இதயத்துக்குள் நான்கு அறைகள், நான்கு வால்வுகள். மேலறையில் இருந்து கீழறைக்கு இறங்கும் வழியில் இரண்டு, கீழறையில் இருந்து வெளியே போகும் வழியில் இரண்டு. இடப்பக்கம் மேலுக்கும் கீழுக்கும் நடுவில் இருப்பதுதான் அண்ணையின் பிரச்சினைக்காரன். மற்ற மூன்றுக்கும் மும்மூன்று இதழ். இவனுக்கு மட்டும் இரண்டு.

என்னை ஆச்சரியப்படுத்தியது, வால்வுக்குச் சொந்தமாக இயங்கும் பலம் இல்லை என்பது. இரத்தம் முன்னால் தள்ளினால் இதழ் திறக்கும், பின்னால் தள்ளினால் மூடும். லாச்சப்பல் மெத்ரோ வாசலில் உள்ளே போனவன் வெளியே வரமுடியாத அந்தக் கதவு மாதிரி. திறப்பது பெரிய வேலையல்ல, யார் தள்ளினாலும் திறக்கும். நேரத்துக்கு மூடுவதுதான் வேலை. நெஞ்சில் காது வைத்தால் கேட்கிற லப்டப் கூட மூடுகிற சத்தம்தானாம். ஐம்பத்திரண்டு வருடமாக என் இதயம் அடிப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அது கதவைச் சாத்திக்கொண்டிருந்திருக்கிறது.

அடுத்தது நாண்கள். ஈரிதழ் வால்வின் விளிம்பில் இருந்து மெல்லிய நூல்கள் இறங்கி, கீழறைச் சுவரில் முளைத்த சிறு தசைகளில் கட்டப்பட்டிருக்கின்றன. கீழறை சுருங்கி இரத்தத்தை அமுக்கும்போது இதழ்கள் மேற்பக்கமாகப் புரண்டு போகாமல் இழுத்துப் பிடிப்பது அவைதான். குளிர்கால மழையில் மேம்பாலத்து மெத்ரோ மேடையில் நின்றவர்களுக்கு இது விளங்கும். குடையின் ஒரு கம்பி கழன்றால் அந்தப் பக்கம் அப்படியே மேலே புரண்டுவிடும். அண்ணைக்குக் கழன்றது அப்படி ஒன்று. ஒவ்வொரு துடிப்பிலும் முன்னால் போகவேண்டிய இரத்தத்தில் ஒரு பங்கு பின்னால் மேலறைக்கு ஏறி, அங்கிருந்து நுரையீரலை நெருக்கியது. இரண்டு தலகாணியின் கதை அதுதான்.

அந்த இடத்தில்தான் நான் விழுங்கிய பாதி வாக்கியம் தொண்டையில் வந்து நின்றது. கீழறைக்கு இரத்தத்தை வெளியே தள்ளுவது கடினம், ஒழுகும் வால்வு வழியாகப் பின்னால் தள்ளுவது சுலபம். அந்தச் சுலபமான வேலையும் கணக்கில் சேர்வதால், இதயம் திரையில் நன்றாகச் சுருங்குவது போலத் தெரியும். பலசாலி போலவே காட்டிக்கொண்டு, உள்ளுக்குள் இழுபட்டுப் பெருத்துக்கொண்டு போகும். ஒரு கட்டத்துக்குப் பிறகு வால்வைத் திருத்தினாலும் தசை பழைய நிலைக்கு வராமல் போகலாம். "பலமாகத் தெரிகிறது, ஆனால் அது ஏமாற்று" என்று அந்தப் பெண் ஒரே வாக்கியத்தில் சொன்னதன் அர்த்தம் அதுதான்.

அதை விளங்கிக்கொண்டபின் உடனே அண்ணைக்குத் தொலைபேசி எடுத்தேன் என்று எழுத எனக்கு ஆசை. எடுக்கவில்லை. பிரஷர் பார்த்தேன்.

இரண்டு நாள் கழித்துக் கடைக்குள் நிற்கும்போது சத்திரசிகிச்சைப் பிரிவில் இருந்து அழைப்பு. தொலைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு ஒரு அம்மாவுக்கு மரவள்ளிக்கிழங்கு நிறுத்துக்கொண்டிருந்தேன்.

"ஐயா இன்னும் நாள் குறிக்கவில்லையே. சத்திரவைத்தியர் இரண்டு தடவை விசாரித்துவிட்டார். நோயாளிக்கு அவசரம் விளங்கியிருக்கிறதுதானே?"

விளங்கியிருக்கிறது என்று சொன்னேன். வாயில் அப்படித்தான் வந்தது. வைத்துவிட்டுப் பார்த்தால் தராசில் ஐந்து கிலோ கிழங்கு.

"எனக்கு ஒரு கிலோ காணும் தம்பி," என்றார் அந்த அம்மா. "நீர் என்ன, செத்தவீட்டுச் சமையலுக்கோ நிறுக்கிறீர்?"

அவர் பகிடியாகத்தான் கேட்டார். எனக்கு அடுத்த வாடிக்கையாளரின் முகம் தெரியவில்லை.

அன்று பின்னேரம் அண்ணை அரிசி வாங்க லாச்சப்பல் வந்து, அங்கிருந்து மெத்ரோவில் அரங்கேற்ற அழைப்பிதழ் எடுக்க அச்சகத்துக்குப் போவதாக இருந்தது. மெத்ரோப் படியடியில் சந்தித்து, சேர்ந்து மேலே ஏறினோம். பாதியில் நின்று, தன் சமையலறையில் புதிதாக வந்த ஒருவன் வெண்ணெயைக் கருக்கிய கதையைச் சொன்னார். சிரித்தேன். அடுத்த வளைவில் நின்று, அதே வெண்ணெயைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொன்னார். மூன்றாவது முறை கைபிடியில் கை வைத்து நின்றபோதுதான் எனக்குப் பொறி தட்டியது. வாய் திறக்காத மனிதர் எப்போது கதைசொல்லியானார்? படிகளில் மட்டும். கதை சொல்லவில்லை அவர், மூச்சு எடுத்துக்கொண்டிருந்தார். கையில் வேறு அரிசி மூட்டை. ஒத்திகைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சமைக்கவாம்.

"உதை இஞ்சை தாங்கோ."

"விடடா. இதயம் நல்ல பலமெண்டு டொக்டரே சொன்னவ."

நான் மூட்டையைப் பறித்து நிலத்தில் வைத்தேன். மேலே ரயில் வந்து நின்றது. இறங்கியவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

"அண்ணை, அவ சொன்னதில பாதியைத்தான் நான் சொன்னனான்."

"என்ன பாதி?"

"பலம் மாதிரித் தெரியுதாம். ஆனா அது ஏமாத்தாம். வசதி பாத்துச் செய்யலாம் எண்டு அவ சொல்லேல்லை. அது நான் சொன்னது. கிழமைக் கணக்கிலதான் யோசிக்கவேணும் எண்டு சொன்னவ."

அவர் என்னைப் பார்த்தார். வெங்காயம் உரித்த காலத்தில் இருந்து எனக்குத் தெரிந்த முகம், இந்தப் பார்வை மட்டும் தெரியாதது.

"ஏன் அண்டைக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் பயப்படுவியள் எண்டு..."

"பொய் சொல்லாத."

"நான் பயந்திட்டன்."

"எனக்காகவோ?"

"இல்லை. எனக்காக."

"நாசமாப் போனவனே," என்றார். சத்தம் போடவில்லை. "மூண்டு கிழமையா நான் ஊரெல்லாம் சொல்லித் திரியிறன், இதயம் நல்ல பலம், நல்ல பலமெண்டு. மனுசி கோயிலுக்குப் போய் அர்ச்சனையும் செய்துபோட்டு வந்திட்டா."

ஒரு பகிடி என் வாயில் தயாராக இருந்தது, அர்ச்சனையைப் பற்றி. அதை வெளியே விடவில்லை. என் வாழ்க்கையில் அப்படி நடந்தது அதுதான் முதல் முறையாக இருக்கலாம்.

படியோரத்திலேயே பையில் இருந்த வைத்தியரின் தாளை விரித்து, இதழ், நாண், கீழறை என்று நான் படித்தது எல்லாவற்றையும் அவருக்குச் சொன்னேன். அவர் விரலால் அந்த அறுந்த நூலைத் தொட்டுப் பார்த்தார். "சின்ன நூலா இருக்கு," என்றார். பிறகு, "இப்பச் செய்தாத் திருத்தலாமோ?"

"திருத்தலாமெண்டுதான் சொன்னவ. விட்டா, வால்வைத் திருத்தினாலும் இதயம் பழையபடி வராமல் போகலாமாம்."

அழைப்பிதழ் எடுக்காமலேயே சார்செலுக்குப் போனோம். அரங்கேற்றத்துக்குப் பக்கத்து ஊரான ஸ்தேனில் மண்டபம் எடுத்து, சென்னையில் இருந்து வாத்தியக்காரரும் வருவதாக ஏற்பாடு. அதைத் தள்ளிப்போடுவது என்பதை அண்ணை தன் வால்வை விடப் பெரிய அறுவையாகத்தான் நினைத்தார். வரவேற்பறையில் மனைவி அழத் தொடங்க, மகள் காலில் சலங்கையோடு அறையில் இருந்து வந்தாள். பதினேழு வயது. தகப்பன் தமிழில் சொன்னதை நின்றபடியே கேட்டாள். பிறகு என் கையில் இருந்த அறிக்கையை வாங்கி, முதலாம் பக்கத்தில் இருந்து கடைசிப் பக்கம் வரை வாசித்தாள்.

"அப்பா, நான் வருகிற வருசம் ஆடுவேன்," என்று பிரெஞ்சில் சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். அதையும் பிரெஞ்சில்தான் சொன்னாள், நான் தப்பமுடியாதபடி நிறுத்தி நிறுத்தி. "தொந்தோன், என்னிடம் ஏன் கேட்கவில்லை?"

தொந்தோன் என்றால் மாமா. பதில் சொல்லும் பொறுப்பை நான் அவளுடைய தகப்பனிடம் விடப் பார்த்தேன். அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் நிலத்தைப் பார்த்தேன். அந்த வீட்டு நிலம் நல்ல துப்புரவு.

அடுத்த நாள் காலை அவளே தொலைபேசி எடுத்து நாள் குறித்தாள். இரண்டு கிழமையில் சத்திரசிகிச்சை.

சத்திரசிகிச்சை அன்று காலையில் இருந்தே நாங்கள் நால்வரும் காத்திருப்பு அறையில் இருந்தோம். நான் பிரஷர் மெஷினை வீட்டில் விட்டுவிட்டுப் போயிருந்தேன். மனைவி அதை அலுமாரியில் பூட்டிவிட்டதால் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இனிப் பாதிபாதியாகச் சொல்வதில்லை என்று முடிவு. நால்வர் என்றேனே, என் மனைவியும் வந்திருந்தாள். ஒரு பக்கம் அண்ணையின் மனைவியின் கையைப் பிடித்தபடி, மறுபக்கம் நான் மயங்கி விழுந்தால் தாங்குவதற்கு வசதியாக, எங்கள் இருவருக்கும் நடுவில் அவள் இருந்தாள்.

மத்தியானம் தாண்டிச் சத்திரவைத்தியர் வந்தார். தலையில் இன்னும் துணித்தொப்பி. பேசும்போது, வயதில் மூத்தவன் என்றோ என்னவோ, என்னையே பார்த்துப் பேசினார். அண்ணையின் மனைவியும் என் வாயையே பார்த்தார். மகள் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். என்னைத் தவிர, அந்த அறையில் இரண்டு பக்கமும் விளங்குகிற காது அவளுடையதுதான்.

"வால்வைத் திருத்தியாச்சாம் அக்கா," என்று தொடங்கினேன். "மாத்தேல்லை, அவற்ற சொந்த வால்வுதான். அறுந்த நாணுக்குப் புதுநூல் போட்டு, சுத்திவர ஒரு வளையமும் வைச்சுத் தைச்சிருக்கினம்."

அண்ணையின் மனைவி கும்பிட்டார். வைத்தியர் தொடர்ந்தார். இங்கே நிறுத்திவிடலாம் என்று பழைய நான் எங்கோ உள்ளே இருந்து கூப்பிட்டான். பார், அந்த மனுசியின் முகம் எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்றான்.

"கொஞ்சம் இன்னும் ஒழுகுதாம் அக்கா."

அவருடைய கும்பிட்ட கை அப்படியே நின்றது.

"கொஞ்சமெண்டா மெல்லிசா. உப்பிடி மெல்லிய ஒழுக்கு ஒண்டும் தெரியாமல் கனபேருக்கு இருக்குமாம். ஆனா வருசாவருசம் வந்து பாக்கவேணுமாம். இதயம் கொஞ்சம் பெருத்திருந்ததாம். அது எவ்வளவு சுருங்கும் எண்டு இப்பச் சொல்லேலாதாம், மாதங்கள் போகவேணுமாம். இண்டைக்கும் நாளைக்கும் கவனமாப் பாக்கவேணுமாம்."

சேர்ப்பதற்கு ஒரு பகிடிகூட அகப்படவில்லை. அண்ணையின் மனைவி என்னைவிட்டுப் பார்வையை எடுத்து மகளைப் பார்த்தார், கேட்காமல் கேட்பது போல.

மகள் தாயின் கையை இறக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"ஓம் அம்மா," என்று தமிழில் சொன்னாள். "அப்பிடித்தான் சொன்னவர்."